விருந்துப் பறவைகளும் ஒளிப்படக் கலையும்

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே அமைந்த சிற்றூர் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் கற்பக விநாயகரை வழிபட, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இவ்வூருக்கு வருகின்றனர். அவர்களேயன்றி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இவ்வட்டாரத்திற்கு வேறு சில விருந்தினரும் வருவதுண்டு. அவர்கள் வானத்தையே வழியாகவும் சிறகையே ஊர்தியாகவும் கொண்டவர்கள். கண்மாய்க் கரையிலும் மரக்கிளையிலும் தங்குவர். சில திங்கள் இருந்து, கோடை முதிருமுன் பிரிந்து செல்வர். நீர்ப்பறவைகளே அவ்விருந்தினர். அவ்விருந்தினரைக் காணும் முறை யாது, அவர்தம் உருவை ஒளிப்படத்தில் பதிக்கும் முறை யாது, அவ்வாறு பதிப்போர் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கம் யாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

செட்டிநாடு ஆறுகள் மிகுந்த நாடன்று. வான்மழையை நம்பி வாழும் நிலம் அது. ஆதலின் முன்னோர் மழைநீரைத் தேக்குதற்குக் கண்மாய்களையும் ஊருணிகளையும் அமைத்தனர். கண்மாய் நிறைந்தால் கழனி விளையும். கழனியில் நீர் நின்றால் மீனும் தவளையும் நத்தையும் பெருகும். அவை பெருகிய இடத்தைப் பறவைகள் நாடும். பயிர் வாழ வெட்டிய நீர்நிலை, இங்ஙனம் பறவைகளுக்கும் புகலிடமாயிற்று.

பிள்ளையார்பட்டிக்கு மேற்கே, திருப்பத்தூரிலிருந்து மேலூருக்குச் செல்லும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்னும் மூன்று கண்மாய்கள் சேர்ந்ததே இச்சரணாலயம். இதன் பரப்பு 38.4 ஹெக்டேர். 1977-ஆம் ஆண்டில் அரசு இதனைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தது. மழை பொய்க்காத ஆண்டுகளில் நத்தைகுத்தி நாரை, வெண்கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா முதலிய பறவைகள் இங்குள்ள மரங்களில் வந்து தங்குகின்றன.

இச்சரணாலயத்தின் பெருமை பரப்பில் இல்லை. அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் பண்பில் உள்ளது. தீபாவளித் திருநாளில் தமிழ்நாடெங்கும் வெடியோசை முழங்கும். கொள்ளுக்குடிப்பட்டியிலோ அவ்வோசை கேட்பதில்லை. கூட்டில் அடைகாக்கும் பறவையும், சிறகு முளையாத குஞ்சும் அஞ்சும் என்று கருதி, அவ்வூரார் பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதையே விட்டுவிட்டனர். புத்தாடையும் இனிப்பும் போல வெடியும் சிறுவர்க்கு விருப்பமானது. அவ்விருப்பத்தை, பேசவும் முறையிடவும் அறியாத உயிர்களுக்காக ஓர் ஊர்ச் சிறுவர் துறப்பது எளிய செயலன்று. வனவிலங்குகளையும் பறவைகளையும் படம் பிடிக்க விரும்புவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. நம் மகிழ்ச்சிக்காகப் பிற உயிரின் அமைதியைக் குலைத்தல் ஆகாது என்பது அப்பாடம்.

பறவையைப் படம் எடுப்பதற்கு முன்னர் அதனைப் பார்க்கப் பழகுதல் வேண்டும். நத்தைகுத்தி நாரையின் அலகை உற்று நோக்கினால், மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருத்தலைக் காணலாம். நீருள் கிடக்கும் நத்தையைப் பற்றி அதன் உடலை வெளியே எடுப்பதற்கு ஏற்ற அலகு அது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருள் இப்புறமும் அப்புறமும் வீசி இரை தேடும். வக்கா பகலெல்லாம் கிளையில் ஒடுங்கியிருந்து, அந்தி மயங்கியதும் இரைக்குப் புறப்படும். அலகின் வடிவு, காலின் நீளம், இரை தேடும் நேரம் ஆகியவற்றைப் பார்த்த அளவிலேயே பறவையின் வாழ்க்கையில் பாதி விளங்கிவிடும்.

இவ்வாறு பார்த்தல் தமிழர்க்குப் புதியதன்று. வறுமையால் வாடிய சத்திமுத்தப் புலவர், ஊரிலிருக்கும் தம் மனைவிக்கு நாரையைத் தூது விடுத்த வரலாறு மாணவர் அறிந்ததே. நாரையின் காலையும் அலகையும் அவர் எத்துணைக் கூர்ந்து நோக்கியிருந்தார் என்பதை அப்பாடல் காட்டும். அன்றியும், தென்திசை வந்த நாரை மீண்டும் வடதிசை ஏகும் இயல்பினது என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது. கருவி இல்லாத காலத்தில் கண்ணும் நெஞ்சுமே அவருடைய கருவிகளாயிருந்தன.

கண்மாய்ப் பறவைகளைக் கண்டு பழகியவர், அடுத்துக் கடற்கரைப் பறவைகளைக் காண விழைவர். அதற்கு ஏற்ற இடம் கோடியக்கரை. பிள்ளையார்பட்டியிலிருந்து புறப்படுவோர் காரைக்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாக வேதாரணியத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே செல்லலாம். வழியிலேயே நிலத்தின் தோற்றம் மாறிவிடும். வறண்ட மேட்டு நிலங்கள் மறையும். தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் தோன்றும். முத்துப்பேட்டையை அடுத்துள்ள கழிமுகத்தில் அலையாத்திக் காடுகள் அடர்ந்திருக்கின்றன. உவர்நீரில் வேரூன்றி நின்று, அலையின் வேகத்தைத் தணித்தலால் அவை அப்பெயர் பெற்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களின் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. கடலடியில் வளரும் புல்லை மேயும் அமைதியான விலங்கு கடற்பசு. வேதாரணியமோ, 1930-ஆம் ஆண்டில் இராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்த புகழுடையது.

கோடியக்கரை, பெயருக்கேற்ப நிலத்தின் கோடியிலே உள்ளது. வங்கக் கடலை நோக்கி நேரே தெற்கு நோக்கி வரும் கடற்கரை, இம்முனையில் மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையை எதிர்கொள்கிறது. ஒரு புறம் மணற்கடற்கரை. ஒரு புறம் உவர்ச் சதுப்பு. இடையே புல்வெளியும், பாலை மரங்கள் செறிந்த என்றும் பசுமை மாறாத காடும் உள்ளன. நெய்தலும் முல்லையும் அடுத்தடுத்து அமைந்த காட்சி இது. 1967-ஆம் ஆண்டில் இங்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. உலக நாடுகள் கூடி ஈர நிலங்களைக் காத்தற்கு ஈரானிலுள்ள ராம்சர் நகரில் 1971-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக இடம் பெற்றது கோடியக்கரையே, ஆண்டு 2002.

சதுப்பை நோக்கிச் செல்வோர் கண்ணை முதலிற் கவர்வது பூநாரை. நான்கு அடி முதல் ஐந்து அடி வரை உயர்ந்து நிற்கும் இப்பறவை, வளைந்த அலகைத் தலைகீழாக நீருள் அமிழ்த்தி இரை தேடும். அலகின் ஓரத்திலுள்ள நுண்ணிய தகடுகள் சல்லடையாகி, சேற்றை விலக்கிச் சிற்றுயிர்களையும் பாசியையும் தங்கவைக்கும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் சிறகுக்குச் செவ்வண்ணம் தருவது. குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறமாகவே இருக்கும். இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்திலுள்ள கட்ச் பெருஞ்சதுப்பாகும்.

பூநாரையைக் கண்டு வியப்போர் பலர். அதன் காலடியில் ஓடித்திரியும் சிறு பறவைகளை நோக்குவோர் சிலரே. உண்மையில் பெருவியப்புக்குரியவை அச்சிறு பறவைகளே. கொசு உள்ளான் என்னும் பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். வளைமூக்கு உள்ளான் அதனினும் சற்றுப் பெரிது. இவை முட்டையிடுவது வடதுருவத்தை அடுத்த பனி நிலங்களில். அங்குக் கோடை மிகக் குறுகியது. அக்காலத்தில் கதிரவன் பல நாள் மறைவதே இல்லை. கோடை கழிந்து பனி சூழத் தொடங்கியதும் இவை தெற்கு நோக்கிப் பறந்து, மலைகளையும் பாலைகளையும் கடந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் கடற்கரையை அடைகின்றன. மார்ச்சு, ஏப்ரல் திங்களில் மீண்டும் வடதிசை செல்லுமுன், இரவும் பகலும் இரை தேடி உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. அது குறைந்தால் பயணம் முற்றுப்பெறாது.

இச்செய்திகள் எவ்வாறு தெரியவந்தன? அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் சலீம் அலி. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்த அவர், சிறுவராயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருத்தலைக் கண்டு வியந்து, அஃது எவ்வினம் என அறிய விரும்பினார். அவ்விருப்பம் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச் சென்றது. அன்று எழுந்த ஐயம், இந்தியாவின் தலைசிறந்த பறவை நூலறிஞர் ஒருவரை உருவாக்கிற்று. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே அவர் கோடியக்கரையின் சிறப்பை உணர்ந்தார். பின்னர் அக்கழகத்தார் இங்குத் தங்கிப் பறவைகளை வலையிற் பிடித்து, எடையிட்டு, எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் அணிவித்து விடுவித்தனர். அவ்வளையத்துடன் பறவை வேறொரு நாட்டில் காணப்பட்டால், அது சென்ற வழி தெளிவாகும்.

பறவைகளைக் கண்டவர் புல்வெளிக்குச் சென்றால் வெளிமான் கூட்டத்தைக் காணலாம். கிண்டி, வல்லநாடு போன்ற சில இடங்களைப் போலவே இங்கும் இம்மான் வாழ்கிறது. வளர்ந்த ஆண்மானின் முதுகு கருமை பாய்ந்திருக்கும்; வயிறு வெண்மையாயிருக்கும்; கொம்புகள் முறுக்கிவிட்டாற்போல் உயர்ந்திருக்கும். பெண்மான் இளம்பழுப்பு நிறத்தது, பெரும்பாலும் கொம்பற்றது. ஆண்மான் தனக்கெனச் சிறிது நிலத்தை வரைந்துகொண்டு, வேறோர் ஆண்மான் அங்குப் புகாதவாறு காக்கும். அச்சம் தோன்றினால் மான்கள் வானில் துள்ளிக் குதித்து, கண்ணிமைக்கும் பொழுதில் மறையும்.

இனி, ஒளிப்படம் எடுக்கும் முறையைக் காண்போம். காலையும் மாலையும் அதற்கு உகந்த வேளைகள். நண்பகல் வெயில் நேரே மேலிருந்து விழுதலால், பறவையின் கண் நிழலில் மறையும்; வெண்சிறகின் நுட்பங்கள் தெரியாமற் போகும். காலை ஒளி சாய்வாக வீழ்ந்து ஒவ்வோர் இறகையும் விளக்கிக் காட்டும். கதிரவனை முதுகுப்புறம் கொண்டு நிற்றல் நலம். கருவியின் கூர்மை பறவையின் கண்ணில் அமைதல் வேண்டும். கண் தெளிந்தால் படம் உயிர்பெறும். பறக்கும் பறவையின் சிறகு கலங்காமல் பதிய, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விடுதல் வேண்டும். நின்று பார்ப்பதினும் அமர்ந்து பார்த்தல் நன்று. மனித உருவம் சிறுத்துத் தோன்றினால் உயிர்கள் அஞ்சுவது குறையும். தழைகளாலோ துணியாலோ மறைவிடம் அமைத்து, அதனுள் பேச்சின்றிக் காத்திருப்பதும் உண்டு. தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் வில்லைகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. ஆனால் பொறுமையைத் தரும் வில்லை எக்கடையிலும் கிடைப்பதில்லை.

அப்பொறுமைக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் மகனாக, 1912-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். யானைக் கூட்டங்களையும் காட்டெருமைகளையும் காடுகளுக்கே சென்று கண்டு, கருப்பு வெள்ளைப் படங்களாகப் பதித்தார். பல உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட கருவியே அவர் கையில் இருந்தது. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-ஆம் ஆண்டு முதல், 1996-இல் மறையும் வரை, இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டு விலங்குகளை மட்டுமன்றி, வீட்டு முற்றத்துக்கு வரும் அணிலையும் காக்கையையும் அவர் அதே கூர்மையுடன் நோக்கினார். விலைமிக்க கருவியினும் கூர்த்த நோக்கே பெரிது என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

நல்ல படம் வேண்டும் என்னும் ஆசை, சில வேளைகளில் மனிதரை நெறி தவறச் செய்கிறது. பறக்கும் கூட்டத்தைப் படம் எடுக்க விரும்பி, அமைதியாக இரை தேடும் பறவைகளைக் கைதட்டி எழுப்புவோர் உளர். அவர்க்கு அது நொடிப்பொழுது விளையாட்டு. உள்ளானுக்கோ, நெடும்பயணத்துக்கெனச் சேர்த்த கட்டுச்சோற்றில் ஒரு பிடி இழப்பு. ஒருவர் எழுப்பிய கூட்டத்தைச் சற்று நேரத்தில் மற்றொருவரும் எழுப்பினால், அவ்விழப்பு பன்மடங்காகும். கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது இதனினும் கொடிது. வெயிலில் தன் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும் தாய்நாரை, மனிதரைக் கண்டு அஞ்சிப் பறந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும். காத்திருக்கும் காக்கை முட்டையைக் கவரும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏமாற்றி அழைத்தலும், ஆளில்லாச் சிறு வானூர்தியைக் கூட்டத்தின்மேல் பறக்கவிடுதலும், கூடு இருக்கும் இடத்தைப் பலரறியப் பரப்புதலும் இத்தகைய தீங்குகளே.

எவ்வளவு அணுகலாம் என்பதற்கு விடை அவ்வுயிரிடமே உள்ளது. மேய்ந்துகொண்டிருந்த மான் தலைநிமிர்ந்து உற்று நோக்கினால், இரை கொத்திய பறவை கொத்துதலை நிறுத்திக் கழுத்தை நீட்டினால், எல்லை நெருங்கிவிட்டது என்பது பொருள். அறிவுடையோர் அங்கேயே நிற்பர், தேவையாயின் பின்வாங்குவர். தாம் வந்ததும் தெரியாமல் இருந்து, சென்றதும் தெரியாமல் அகல்வதே அவர்தம் திறமை. சரணாலயத்துள் செல்வோர் வனத்துறையின் விதிகளுக்கு அடங்கி நடத்தலும் கடமை. வெளிமானைத் துன்புறுத்துதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங்குற்றம்.

நெறியோடு எடுத்த படம், எடுத்தவரின் மகிழ்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. அது சான்றாகவும் நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், கஜா என்னும் புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன; மான்கள் பல மடிந்தன. புயலுக்கு முன்னர்க் காடு எவ்வாறு இருந்தது, பின்னர் எவ்வாறு தழைத்தது என்பதை அறியப் பழைய படங்களே துணை செய்யும். புல்வெளியைச் சீமைக்கருவேலம் கவர்ந்து வருவதையும், உப்பளங்கள் பெருகிச் சதுப்பின் இயல்பு மாறுவதையும், ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் காட்டும். முற்காலத்தில் கரண்டிமூக்கு உள்ளானும் இச்சதுப்பில் பதிவாகியுள்ளது. இன்று அஃது உலகிலேயே மிக அரிய பறவைகளுள் ஒன்று. முன்னர்ப் பெருந்திரளாக வந்த உள்ளான்களின் தொகை இங்குக் குறைந்து வருவதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். இந்நிலையில் நாளும் இடமும் குறித்த ஒவ்வொரு படமும் அவ்வுயிர்களின் சார்பில் பேசும் சாட்சியாகிறது.

ஆதலின் படம் எடுப்போர் ஒரு குறிப்பேட்டையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், தொகை, அது செய்த செயல் ஆகியவற்றை அன்றன்றே எழுதுதல் நலம். காலில் வளையம் உள்ள பறவையைக் கண்டால், துரத்தாது, எண் தெரியும் வகையில் தொலைவிலிருந்தே படம் எடுத்து, வனத்துறைக்கோ ஆய்வுக் கழகத்துக்கோ தெரிவிக்கலாம். கருவி வாங்க இயலாத மாணவர் வருந்த வேண்டுவதில்லை. தம் ஊர்க் கண்மாயில் முதல் நாரை எந்நாளில் வந்தது, கடைசி நாரை எந்நாளில் சென்றது என்று பத்தாண்டு எழுதிவைத்தால், அக்குறிப்பு எந்தப் படத்திற்கும் குறைந்ததன்று.

கண்மாய் நாரையும் கடற்கரை உள்ளானும் நம்மிடம் கேட்பவை மிகச் சில: நிறைந்த நீர்நிலை, இரை, கலையாத அமைதி. நீரையும் இரையையும் மழையும் மண்ணும் தரும். அமைதியை மனிதரே தருதல் வேண்டும். வெடியைத் துறந்த கொள்ளுக்குடிப்பட்டிச் சிறுவரும், அருகிற் சென்றால் சிறந்த படம் கிட்டும் என்று அறிந்தும் எட்ட நிற்கும் ஒளிப்படக் கலைஞரும் அவ்வமைதியைத் தருபவர்களே. அவர்கள் விட்டுக்கொடுத்தது சிறிது; அதனாற் காக்கப்படுவது, அடுத்த ஆண்டும் அப்பறவைகள் திரும்பி வரும் வழி.